முப்பது பேர் ஓடிய கப்பல்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நித்திரை, சாப்பாடு, பரீட்சைக் காலத் தலையிடி என்று ஏதாவது எழுதுவோம். இந்த முறை ஒரு சின்னப் பயணக் கதை. ஜூன் மாதத் தொடக்கத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஐந்து பேர் லண்டனிலிருந்து நான்கு நாள் சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமுக்குப் போய் வந்தோம். ஐவரில் மூவர் தாதியர். மூன்று தாதியர் ஒன்றாய்ப் போனால் எந்த ஊரிலும் பேச்சு கடைசியில் வார்ட்டில்தான் போய் முடியும் என்று மற்ற இருவரும் விமான நிலையத்திலேயே எச்சரித்தார்கள். அப்படியேதான் நடந்தது.

ஸ்டொக்ஹோம் தண்ணீருக்குள் வைத்த நகரம். மேலாரென் என்ற பெரிய ஏரி பால்டிக் கடலோடு சேரும் இடத்தில் 14 தீவுகளின் மேல் பரந்திருக்கிறது. அதற்கு வெளியே கடல் பக்கம் போனால் சின்னதும் பெரியதுமாக ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் உண்டு. பழைய நகரான கம்லா ஸ்தானின் ஒடுங்கிய கல் வீதிகளில் நடந்தோம். சுரங்க ரயில் நிலையங்களில் ஓவியங்கள் பார்த்தோம். மத்திய நிலையத்தில், அந்த நிலையத்தைக் கட்டிய வேலையாட்களின் உருவங்களையே நீல நிறத்தில் கூரையில் தீட்டி வைத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் வானம் வெளிச்சமாய் இருந்ததால் எப்போது படுப்பது என்றே தெரியவில்லை. போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: காசுத்தாள் கொண்டுபோய்ப் பயனில்லை, தேநீருக்கும் அட்டைதான்.

இரண்டாம் நாள் யூர்கோர்டன் தீவுக்குப் படகெடுத்து வாசா நூதனசாலைக்குப் போனோம். 18 வயது வரை அனுமதி இலவசம். கதவைத் திறந்து உள்ளே போனால் முதலில் இருட்டு. கண் பழகியதும் ஒரு முழுப் போர்க்கப்பல் மூன்று, நான்கு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. நீளம் 69 மீற்றர். பின்பக்கம் முழுவதும் சிங்கங்கள், வீரர்கள், அரசர்கள் என்று செதுக்கு வேலை. ஏறத்தாழ நானூறு வருடப் பழைய மரம். 98 வீதமான பாகங்கள் அசலானவை. ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

இந்தக் கப்பல் ஓடியது ஒரே ஒரு முறை. 1628 ஓகஸ்ட் 10, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்ச் சனமெல்லாம் கரையில் திரண்டு நிற்க, நான்கு பாய்களை விரித்துக்கொண்டு புறப்பட்டது. 64 பீரங்கிகள். ஒரு காற்று வந்தது, கப்பல் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த காற்றுக்கு நிமிரவில்லை. திறந்திருந்த பீரங்கித் துவாரங்களால் தண்ணீர் உள்ளே புகுந்தது. புறப்பட்ட இடத்திலிருந்து 1,300 மீற்றர் தூரம்கூட ஒழுங்காய்ப் போகாமல், சுமார் 20 நிமிடத்தில் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. முதற் பயணம் என்பதால் மாலுமிகள் மனைவி பிள்ளைகளையும் ஏற்றியிருந்தார்கள். கப்பலில் இருந்த ஏறத்தாழ 150 பேரில் 30 பேரளவில் இறந்தார்கள்.

மேலே கனம், கீழே போதாத கனம்: இதுதான் காரணம். இரண்டு தட்டு நிறையப் பீரங்கி. அந்தக் கனத்தைத் தாங்கி நிலைத்து நிற்க அடியில் கற்கள் போடுவார்கள். 120 தொன் கல் போட்டிருந்தார்கள். இன்னும் போட அடியில் இடம் இல்லை. கப்பலைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்துக் கட்டுநர் ஹென்றிக் ஹிபெர்ட்சொன் இடையில் நோயுற்று 1627-இல் இறந்துபோனார். கப்பலுக்குள் தச்சர்களின் நான்கு அளவுகோல்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டு சுவீடன் அடிக் கணக்கு, இரண்டு அம்ஸ்டர்டாம் அடிக் கணக்கு. ஒரே கப்பலில் இரண்டு அளவு!

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விடயம். கப்பல் ஆபத்தானது என்று புறப்பட முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? சோதித்துப் பார்த்தார்கள். கரையில் கட்டியிருந்த கப்பலின் மேல்தட்டில் முப்பது ஆட்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சேர்ந்து ஓடவிட்டார்கள். அட்மிரல் கிளாஸ் ஃபிளெமிங் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை ஓடியபோது கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, இனி ஓடினால் இங்கேயே கவிழ்ந்துவிடும் என்று சோதனையை நிறுத்தச் சொன்னார். கப்பலை அல்ல, சோதனையை.

அரசர் இரண்டாம் குஸ்டாவ் அடோல்ஃப் அப்போது பால்டிக்கின் மறுகரையில் போரில் இருந்தார். கப்பல் விரைவில் வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் போய் "முடியாது" என்று எழுத ஒருவரும் முன்வரவில்லை. யோரான் மட்ஸொன் என்ற மூத்த மாலுமி மாத்திரம், கப்பலின் அடிப்பகுதி ஒடுங்கியிருக்கிறது என்று அட்மிரலிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். கட்டுநர் இதற்கு முன்பும் கப்பல் கட்டியவர்தான், நீர் கவலைப்பட வேண்டாம் என்ற பாங்கில் பதில் வந்ததாம். இதை அவரே பிறகு விசாரணையில் சொல்லியிருக்கிறார். விசாரணையில் கப்டனைக் கேட்டார்கள், மாலுமிகளைக் கேட்டார்கள், கட்டியவர்களைக் கேட்டார்கள். அரசர் ஒப்புக்கொண்ட அளவுப்படியே கட்டினோம் என்றார்கள் அவர்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

கப்பல் திரும்பி வந்த கதையும் ஒரு அதிசயம். பால்டிக் கடலில் உப்புக் குறைவு. மரத்தைத் தின்னும் கப்பற்புழு அங்கே வாழாது. 1956-இல் அன்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் அது கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தார். சுழியோடிகள் சேற்றுக்குள் கப்பலுக்கு அடியால் ஆறு சுரங்கங்கள் தோண்டி, கம்பிவடம் நுழைத்து, 1961 ஏப்ரல் 24-இல் மேலே கொண்டுவந்தார்கள். 333 வருடம் நனைந்த மரம் காய்ந்தால் வெடித்துப் பிளந்துவிடும். அதனால் 17 வருடம் ஒரு மருந்தைத் தெளித்தார்கள். பெயர் பொலிஎதிலீன் கிளைக்கோல். அறிவிப்புப் பலகையில் அதை வாசித்ததும் தாதியர் மூவரும் சத்தமாய்ச் சிரித்துவிட்டோம். வார்ட்டில் மலச்சிக்கலுக்குத் தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மக்ரோகோல் தூளும் அதே குடும்பம்தான். அம்மம்மாவின் மேசையிலுள்ள பெட்டியைப் பாருங்கள்!

கீழ்த்தளத்துக்குப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. கப்பலோடு போனவர்களின் எலும்புக்கூடுகள் அங்கே இருக்கின்றன. யார் என்று தெரியாததால் எழுத்துகளால் குறித்திருக்கிறார்கள். 'ஜி' என்ற எழுத்துக்கு உரியவரைப் பல காலம் ஆண் என்றே நினைத்து 'குஸ்டாவ்' என்று அழைத்தார்கள். மரபணுப் பரிசோதனையில் அது ஒரு பெண் என்று 2023-இல் அறிவித்தார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் முப்பது பேர் ஓடிய சோதனையைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெளியே வந்து கறுவாப் பணிசோடு கோப்பி குடித்தபோது பேச்சு வார்ட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு உண்மைச் சம்பவம் உண்டு. 2005-இல் இங்கிலாந்தில் ஒரு இளம் தாய் சைனஸுக்கான சாதாரண சத்திரசிகிச்சைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு சுவாசக் குழாயைப் போட முடியவில்லை. மூத்த வைத்தியர்கள் சேர்ந்து திரும்பத் திரும்ப அதையே முயன்றார்கள். ஒரு தாதி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக் கொடுக்கும் உபகரணத்தை எடுத்துவந்து, தயாராய் இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு தாதி தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கேட்டார். அவர்களுக்கு ஆபத்து விளங்கியிருந்தது. சொன்னது காதில் ஏறவில்லை; அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. 13 நாட்களுக்குப் பிறகு அந்தத் தாய் இறந்தார். அவருடைய கணவர் ஒரு விமானமோட்டி. அவர் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. இதிலிருந்து வைத்தியத் துறை படிக்க வேண்டும் என்று கேட்டார். விமானத்தில் துணை விமானி கப்டனிடம் "இது பிழை" என்று சொல்லப் பழக்கப்படுகிறார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஏன் இல்லை என்பதே அவருடைய கேள்வி.

இன்று நிறைய மாறியிருக்கிறது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்க முன் அறையிலுள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதென்ன பெரிய விடயம் என்று தோன்றும். ஒருமுறை வாய் திறந்தவர்தான் இரண்டாம் முறையும் திறப்பார்.

மூன்றாம் நாள் தீவுகளுக்குப் போனோம். நகரத்தின் நடுவிலுள்ள ஸ்ட்ரோம்காயென் துறையில் வெள்ளைப் படகுகள் நிற்கும். வக்ஸ்ஹோல்ம் என்ற தீவுப் பட்டினத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இரு பக்கமும் வழுவழுத்த கருங்கற் பாறைகள், பைன் மரங்கள், செம்மண் நிறம் பூசிய மர வீடுகள். எங்களில் ஒருவர் நெடுந்தீவுக்காரர். குறிகட்டுவானில் ஏறினால் முகத்தில் உப்பு அடிக்கும், இங்கே தண்ணீர் நன்னீர் மாதிரி இருக்கிறதே என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பால்டிக்கில் வற்றுப்பெருக்கும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வேறொரு விசித்திரம் உண்டு. பனிக்கட்டிக் காலத்தில் கிலோமீற்றர்க் கணக்கில் தடித்த பனி அமுக்கி வைத்திருந்த நிலம் இன்னும் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ அரைச் சென்ரிமீற்றர். அதாவது, பாட்டன் காலத்தில் வள்ளம் போன இடத்தில் பேரன் காலத்தில் பாறை தட்டலாம்.

வக்ஸ்ஹோல்மில் பொரித்த மீனும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, எதிரே நீருக்கு நடுவிலுள்ள பழைய கோட்டையைப் பார்த்துக்கொண்டு கரையில் இருந்தோம். அப்போது பத்து மாடிக் கட்டடம் போல ஒரு பயணிகள் கப்பல் அந்த ஒடுங்கிய நீரிணைக்குள் மெதுவாய் வந்து, வீடுகளுக்கு அருகால் திரும்பிப் போனது. இத்தனை பாறைகளுக்குள் எப்படி?

'பைலட்' என்றால் நமக்கு விமானம்தான் நினைவுக்கு வரும். கப்பலுக்கும் பைலட் உண்டு. தூர தேசத்துப் பெரிய கப்பல் இந்தத் தீவுகளுக்குள் நுழைய முன் அந்த இடத்துப் பைலட் ஒருவர் சின்னப் படகில் போய், ஓடும் கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணியால் ஏறுவார். முன்னைய நாட்களில் இந்தத் தீவுகளின் மீனவர்களே, தகப்பனிடம் மகன் படித்து, அந்த வேலையைச் செய்தார்கள். கப்பலின் பொறுப்பு கடைசிவரை கப்டனுடையதுதான். பைலட் அவரை இறக்கிவிட்டு நாற்காலியில் இருப்பதில்லை. பக்கத்தில் நின்று, எங்கே திரும்ப வேண்டும், எங்கே மெதுவாக்க வேண்டும் என்று தெளிவாய்ச் சொல்வார். ஏழு கடல் கண்ட கப்டனும் கேட்பார். பாறை எங்கே என்று தெரிந்தவர் அவர்தானே. இதில் கப்டனுக்கு மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. இது சுவீடனுக்குச் சரிவரும், நமக்குச் சரிவராது என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சுவீடனில் இப்போது எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றே அழைக்கிறார்கள், நோயாளி வைத்தியரையும்கூட. ஆனால் அங்கேயும் முன்பு அப்படி இல்லை. "டொக்டர் என்ன நினைக்கிறார்?" என்று முகத்துக்கு நேரே பட்டம் சொல்லித்தான் பேசுவார்கள். 1967-இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத்துக்குத் தலைவராய் வந்த ப்ரூர் ரெக்செத், தன்னைப் 'ப்ரூர்' என்றே கூப்பிடுங்கள் என்று முதல் உரையிலேயே ஊழியர்களிடம் சொன்னார். அதற்குள் நாட்டில் தொடங்கியிருந்த மாற்றம் அதோடு வேகம் பிடித்தது. முண்ணாணின் படைகளைப் பற்றிப் படிக்கும்போது அதே ரெக்செத்தின் பெயர் பாடநூலில் வரும். மருத்துவம் படிக்கும் தம்பி தங்கையருக்குத் தெரிந்திருக்கும்.

நாம் 'நீ'க்கு மாற வேண்டியதில்லை. மாமாவை மாமா என்றும் ஐயாவை நீங்கள் என்றும் அழைப்பது நம் பேச்சின் அழகு. ஆனால் "பெரியாட்களுக்கு முன்னால் வாய் காட்டாதே" என்று கேட்டு வளர்ந்த நாம், வாய் காட்டுவதையும் வாய் திறப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். அதன் விலையைத் தாதியராக நாங்கள் கண்டிருக்கிறோம். அம்மம்மாவோடு மொழிபெயர்க்க வரும் பேரப்பிள்ளை கட்டிலருகில் நிற்கும். அம்மம்மா "ஒன்றுமில்லை, சுகம்" என்பார். இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்ததைப் பிள்ளை கண்டிருக்கும். அவர் இரண்டு வேறு பெயரில் ஒரே பாராசிட்டமோலை இரட்டிப்பாய் எடுப்பதும் அதற்குத் தெரியும். ஆனாலும் பெரியவர் சொன்னதை மறுக்கக்கூடாது என்று "ஒன்றுமில்லை" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும். வைத்தியர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். பிறந்தநாள் விழா முடிந்து, குடித்திருக்கும் மாமா கார்ச் சாவியை எடுக்கிறார். பின் ஆசனத்தில் நான்கு பிள்ளைகள். ஒருவரும் பேசுவதில்லை. முப்பது பேர் ஓடிய சோதனை அங்கே முடிந்துவிட்டது. கப்பல்தான் இனிப் புறப்பட வேண்டும்.

எப்படிச் சொல்வது? எங்களுக்குப் படிப்பித்த முறையைத் தருகிறோம். மூன்று படி. முதலில், "எனக்குக் கவலையாய் இருக்கிறது." கேட்காவிட்டால், "எனக்கு மனம் ஒப்பவில்லை." அதற்கும் கேட்காவிட்டால், "இது ஆபத்து, நிறுத்துங்கள்." பிழை உங்களுடையது என்று தொடங்காமல் தன் மனதிலிருந்து தொடங்குவதால் மரியாதை கெடாது. "மாமா, எனக்குப் பயமாய் இருக்கு. வாடகைக் கார் பிடிப்போம்" என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்லலாம். "அம்மம்மா, நீங்கள் குறை நினைக்கக்கூடாது, நான் இதையும் டொக்டரிடம் சொல்லப்போகிறேன்" என்று பேரன் சொல்லலாம். ஒரு முறை சொல்லிக் காதில் விழவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் பயிற்சியில் ஒரு விதி. அதற்கும் பலனில்லையென்றால் வேறொரு பெரியவரைக் கூப்பிடுங்கள். வாகனத்தில் ஏறாதீர்கள்.

நான்காம் நாள் காலை சபையாய்ச் சேர முடியாததால் தங்கியிருந்த அறையில் ஐவரும் சேர்ந்து அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் வாசித்தோம். கைதியாய்க் கப்பலில் போன பவுல், இந்தப் பயணம் சேதமாய் முடியும் என்று எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதி அவரை விட்டுக் கப்பல்காரரை நம்புகிறார். புயல் அடிக்கிறது. "அப்போதே சொன்னேனே" என்று சொல்லிவிட்டு அவர் வாய் மூடவில்லை. மாலுமிகள் தப்பி ஓடப் பார்த்தபோது மறுபடியும் அதே அதிகாரியிடம் சொல்கிறார். இம்முறை அவர் கேட்கிறார். கப்பல் உடைந்தாலும் 276 பேரும் ஒரு தீவில் கரை சேர்கிறார்கள். சொன்னவரும் இரண்டு முறை சொன்னார், கேட்டவரும் மனம் மாறினார். பெற்றோரும் சபைப் பெரியவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பதுண்டு. பிள்ளை ஒன்று தயங்கித் தயங்கி வாய் திறந்தால், அட்மிரலைப் போலப் பதில் சொல்லாமல் ஒரு நிமிடம் கேளுங்கள் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாய், அந்தப் பக்கம் போகும் உங்களுக்கு ஒரு பயணக் குறிப்பு. சின்னத் தீவுகளின் துறைகளில் கம்பத்தில் ஒரு தட்டு இருக்கும். படகு நிற்க வேண்டுமானால் அதை நீங்களே உயர்த்தித் திருப்பிவிட வேண்டும்; இருட்டென்றால் வெளிச்சம் காட்ட வேண்டும். துறையில் சும்மா நின்று படகைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நேரே போய்விடும்.

அடுத்த இதழில் வழமைபோல் உடல்நலப் பக்கம்: பரீட்சைக் காலத்தில் நித்திரை. கேள்விகள் இருந்தால் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது எங்களில் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்.